வீட்டு லேபிள் போதாமல் போகும்போது: சிறு உணவுத் தயாரிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

இட்லிப் பொடியோ, மரச்செக்கு எண்ணெயோ, ஊறுகாயோ வீட்டில் செய்து விற்கத் தொடங்கும் பெரும்பாலோருக்கு முதல் லேபிளைச் செய்து தருபவர் வீட்டுப் பிள்ளைதான். கல்லூரியில் படிக்கும் மகள் கைப்பேசியில் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியைத் திறந்து, ஒரு வாழையிலை, ஒரு மண்பானை, பாட்டியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதை ஒட்டும் தாளில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, இரவில் குடும்பமே உட்கார்ந்து டப்பாக்களில் ஒட்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்குமா விற்காதா என்று தெரியாத பொருளுக்கு லோகோவும் பவுச்சும் செய்து பணத்தை முடக்குவதைவிட இதுவே அறிவுள்ள தொடக்கம். ஆனால் தொழில் வளர்ந்தால், அந்த லேபிளால் அதைத் தாங்க முடியாத நாள் ஒன்று வருகிறது. அந்த நாளை எப்படி அறிவது, வந்தபின் எதை முதலில் செய்வது, எதைக் கெடுத்துவிடாமல் காப்பது என்பவற்றை, மதுரைப் பக்கத்தில் சிறு தயாரிப்பாளர்களுக்கு லேபிளும் பவுச்சும் செய்து தரும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். உணவுப் பொருளையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். சோப்போ துணிப்பையோ செய்பவர்களுக்கும் வேலைகளின் வரிசை இதுவேயாகும்.

போதவில்லை என்பதற்கான அறிகுறிகள்

தன் லேபிள் தனக்கே அலுத்துப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரே படத்தை நாள்தோறும் நூறு முறை பார்க்கும் உரிமையாளருக்கு அது சலிக்கும். மாதம் ஒருமுறை கடையில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இப்போதுதான் அது மனத்தில் பதியத் தொடங்கியிருக்கும். விற்பனை முழுவதும் தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலேயே நடக்கிறது என்றால், லேபிளில் போட வேண்டிய பணத்தை ஒரு நல்ல சீலிங் இயந்திரத்தில் போடுங்கள்.

உண்மையான அறிகுறிகள் வெளியிலிருந்து வருகின்றன. பெயர்ப்பலகை எழுதுபவர், "லோகோ சிடிஆர் ஃபைலாக இருக்கிறதா?" என்று, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோரல்டிரா கோப்பைக் கேட்கிறார், உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்து மங்கிப்போன ஒரு படம் மட்டுமே. மளிகைக் கடைக்காரர் உங்கள் டப்பாவைப் பின்வரிசைக்குத் தள்ளி, காரணம் கேட்டால் எண்ணெய் பட்டு மை கரைகிறது என்கிறார். பேரங்காடியின் கொள்முதல் பிரிவு பார்கோடு கேட்கிறது. இவை எல்லாவற்றையும்விடத் தீவிரமான அறிகுறி, அடுத்த ஊரில் வேறொருவர் அதே பெயரில் விற்கிறார் என்பதும், அவருடைய சரக்கில் வந்த குறைக்கு உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் வந்து சண்டையிடுகிறார் என்பதும் ஆகும். இவற்றில் இரண்டு நடந்துவிட்டாலே வேலையைத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில் செய்யும் தவறு, நேராக ஒரு டிசைனரிடம் போவது. படம் வரைவது இந்த வரிசையில் ஐந்தாவது வேலை. அதற்கு முன் முடிக்க வேண்டியவை நான்கு இருக்கின்றன.

முதலில் பழையவற்றைச் சேர்த்து வையுங்கள்

தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நீங்கள் பயன்படுத்திய லேபிள்கள், பில் புத்தகங்கள், விசிட்டிங் கார்டுகள், பொருட்காட்சியில் போட்ட கடையின் புகைப்படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த முதல் ஆர்டர்கள், முகநூல் பதிவுகள் அனைத்தையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிய அந்த முதல் லேபிள் உங்கள் உரிமைக்குச் சான்று. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 34ஆவது பிரிவு, ஒரு பெயரை முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பின்னால் வந்து அதே பெயரைப் பதிவு செய்தவரிடமிருந்து காக்கிறது. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன் என்று நீங்கள் கூறினால் அதற்கு ஒரு பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் கொடுக்க வேண்டும். தேதியுள்ள பில்லில் அந்தப் பெயரும் அச்சாகியிருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. புது லோகோ வந்த மகிழ்ச்சியில் பழைய லேபிள்களையும் பில் கட்டுகளையும் எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு வழக்கறிஞர் கேட்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்குபவர் எதைக் கேட்டு வாங்குகிறார்?

இரண்டாவது வேலைக்குப் பணம் தேவையில்லை. ஒரு வாரப் பொறுமை போதும். உங்கள் பொருள் விற்கும் நான்கைந்து கடைகளுக்குச் சென்று, வாடிக்கையாளர்கள் அதை எந்தச் சொல்லால் கேட்கிறார்கள் என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். விருதுநகர் பக்கத்தில் பருப்புப் பொடி செய்யும் ஓர் அக்காவுக்காக நான் இப்படி விசாரித்தபோது, அவர் மிகவும் பெருமையாக நினைத்திருந்த பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அந்த மஞ்சள் மூடி டப்பா" என்றே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்த மூடியை அவர் தேர்ந்தெடுத்துக்கூட வாங்கவில்லை. அன்று மொத்த வியாபாரியிடம் இருந்தது மஞ்சள் மூடி மட்டுமே. அவரோ புதுப் பொதிவில் (பேக்கிங்கில்) மூடியைக் கறுப்பாக மாற்ற முடிவு செய்திருந்தார், அதுதான் பார்வைக்கு உயர்வாக இருக்கும் என்று. மாற்றியிருந்தால் கடையில் அவரைத் தேடுபவர்கள் கண்ணுக்கு அவர் காணாமல் போயிருப்பார். மூடி மஞ்சளாகவே இருக்கட்டும், லேபிளின் பின்னணியையும் அதற்கு இசைவாக மாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

ஆகவே நிறமோ, டப்பாவின் வடிவமோ, ஒரு படமோ, ஒரு சொல்லோ, உங்களை அடையாளம் காட்டும் அந்த ஒன்றைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது அழகாக இல்லாவிட்டாலும் தொடக்கூடாது. மற்ற அனைத்தையும் மாற்றலாம்.

பெயரைத் தீர்த்துக்கொள்ளுதல்

மூன்றாவது வேலையான இதில்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். வீட்டில் வைத்த பெயர்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: தெய்வத்தின் பெயர், அம்மா அல்லது பாட்டி என்ற உறவுச்சொல், பொருளின் தன்மையைச் சொல்லும் சொல். மூன்றுக்கும் தனித்தனிச் சிக்கல் உண்டு.

முருகன், லட்சுமி, அம்மன் போன்ற பெயர்களில் ஆயிரக்கணக்கானோர் தொழில் செய்கிறார்கள்; அந்தப் பெயரை நீங்கள் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. ஊதுபத்திக்கு இராமாயணம் என்ற சொல்லைப் பதிவு செய்வது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல், புனித நூல் ஒன்றின் பெயரைத் தனியொருவர் தம் வணிகக்குறியாக ஏகபோகம் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. குலதெய்வத்தின் பெயரை விட மனமில்லை என்றால், அதோடு வேறெவரும் சேர்த்திராத தனிச்சொல் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. உறவுச்சொற்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே: அம்மா, பாட்டி, ஆச்சி என்று எல்லாருடைய சமையலறையிலும் ஒருவர் இருக்கிறார்.

மூன்றாவது வகை இன்னும் கடினமானது. சுத்தமான எண்ணெய், காரப் பொடி என்பன போலப் பொருளை வருணிக்க மட்டுமே உதவும் சொற்களைப் பதிவு செய்ய வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தடை விதிக்கிறது. அவை எல்லா வியாபாரிக்கும் பொதுவானவை. உணவுப் பொருளில் இன்னொரு தடையும் சேர்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் கொண்டுவந்த விளம்பர ஒழுங்குமுறைகளின்படி, இயற்கை, தூய, பாரம்பரிய, அசல் என்னும் பொருள்தரும் சொற்கள் பெயருக்குள்ளேயே இருந்து, அவை வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் என்றால், இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதன்று என்ற அறிவிப்பை மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் பொதிவின் முகப்பில் அச்சிட வேண்டும். வீட்டில் செய்தது என்று தவறாக எண்ணவைக்கும் சொற்களையும் அதே விதிகள் விரும்பவில்லை. வாடகைக் கூடத்தில் எட்டுப் பேரை வைத்து இயந்திரத்தில் அரைக்கத் தொடங்கிய பின்னும் "வீட்டுத் தயாரிப்பு" என்று போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. அந்தப் பெயரைப் பொதிவில் இட, நீங்கள் அந்த வட்டாரத்தில் தயாரிப்பவராகவும், அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் சுடும் முறுக்குக்கு மணப்பாறையின் பெயரை வைக்க முடியாது.

பெயரில் இடம் விட்டு வைப்பதும் முக்கியம். இட்லிப் பொடி என்ற சொல் பெயரின் பகுதியாகவே இருந்தால், நாளை நல்லெண்ணெய் விற்கும்போது அந்தப் பெயர் உதவாது. பொருளின் பெயர் வேறு, உங்கள் பெயர் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருக்கும் பெயரை முற்றாக மாற்றாமல், அதிலுள்ள பொதுச்சொற்களைக் கழித்து, தனித்தன்மையுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்ப்பதே என் வழக்கம்.

தேடுதலும் பதிவும்

தேர்ந்தெடுத்த பெயரை வேறெவரும் பதிவு செய்துள்ளனரா என்பதை, இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். எழுத்துக் கூட்டி ஒருமுறை தேடினால் போதாது; ஒலிப்பை வைத்துத் தேடும் வசதியும் அங்கே உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ழகரத்தையும் நெடிலையும் எத்தனை வகையில் எழுத முடியுமோ அத்தனை வகையிலும் தேடிப் பாருங்கள். கூகுளிலும் இன்ஸ்டகிராமிலும் தேடுவதோடு, உங்கள் மாவட்டத்துக் கடைத்தெருவில் ஒரு நாள் நடந்து பார்ப்பதும் நல்லது. பதிவு செய்யாமலே பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெயரில் விற்பவர் அங்கேதான் கண்ணில் படுவார்.

பதிவு என்பது வகுப்பு வாரியாகச் செய்யப்படுவது. பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடியும் மாவும் 30ஆவது வகுப்பிலும், சமையல் எண்ணெயும் ஊறுகாயும் 29ஆவது வகுப்பிலும் வருகின்றன. பொடியும் எண்ணெயும் விற்பவர் இரண்டு வகுப்புகளிலும் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, மற்றவர்களுக்கு ரூ. 9,000. சிறு நிறுவனமாக விண்ணப்பித்தால், சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழை இணைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குரிய பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. ஆயினும் விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், லோகோவை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லாகவே பதிவு செய்யுங்கள். படம் நாளை மாறலாம். சொல்லுக்குக் கிடைத்த உரிமை எந்த எழுத்து வடிவில் எழுதினாலும் தொடரும். லோகோவைப் பதிவு செய்யும்போது குறிப்பிட்ட நிறத்துக்குள் அடக்காமல் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறங்களுக்கும் பதிவு பொருந்தும். விண்ணப்பத்தின் மீது ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு விண்ணப்பத்தை இழப்பவர்கள் அதிகம் என்பதால், அடிக்கடி பார்க்கும் மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். டிஎம் என்ற குறியைப் பதிவு இல்லாமலே பயன்படுத்தலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும் முன்னர்ப் போடுவது சட்டப்படி குற்றம்.

சட்டம் கேட்கும் வரிகள்

நான்காவது வேலை, லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்களை ஒரு தாளில் எழுதி முடிப்பது. டிசைனருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அழகாகச் செய்து முடித்த முகப்பில் பிறகு இவற்றைத் திணிக்கும்போதுதான் லேபிள் அலங்கோலமாகிறது.

உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகளும், 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு பொதிவுப் பொருள் விதிகளும் பொருந்தும். பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக, ஊட்டச்சத்து விவரம், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள், தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், 14 இலக்க உரிம எண்ணும் எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ உரிய விலை, வாடிக்கையாளர் குறை தெரிவிக்கத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சைவ உணவுக்குரிய பச்சைச் சதுரமும் அதனுள் பச்சை வட்டமும் முகப்பில், பொருளின் பெயருக்கு அருகே வர வேண்டும். எழுத்துகளின் குறைந்தபட்ச உயரம்கூட முகப்பின் பரப்பளவுக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் மட்டும் லேபிள் அடிக்க விரும்பும் நண்பர்களிடம் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கும் செய்தி ஒன்று உண்டு: இந்தக் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாக, அவற்றுக்கு முரணில்லாமல், எவ்வளவு பெரிதாகவும் எழுதலாம். ஆகவே முகப்பைத் தமிழுக்கு ஒதுக்கிவிட்டு, சட்ட விவரங்களைப் பின்புறத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அடுக்கும்படி நான் பரிந்துரைக்கிறேன். கடைப் பலகையில் தமிழுக்கே முதலிடம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவில் எழுத வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி.

நோய் தீரும் என்ற சொற்களை நீக்கிவிடுங்கள். முருங்கைக்கீரைப் பொடி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் எழுத எந்த உணவுத் தயாரிப்பாளருக்கும் அனுமதி இல்லை. நெடுநாள் அனுபவத்தில் நீங்கள் அதை உண்மையாகவே நம்பினாலும்கூட அது மாறாது.

டிசைனரிடம் என்ன கேட்பது, எதை எழுதி வாங்குவது?

பெயர், காக்க வேண்டிய அடையாளம், சட்ட விவரங்கள் ஆகிய மூன்றும் கையில் இருக்கும்போது ஐந்தாவது வேலையான வடிவமைப்பு எளிதாகிவிடுகிறது. பெரிய நிறுவனம் தேவையில்லை. பொதிவு வேலையில் பழக்கமுள்ள ஒருவரைத் தேடுங்கள். அவர் செய்த லேபிள்களின் படங்களைத் திரையில் பார்க்காமல், அச்சான பொருளைக் கடையிலிருந்து வாங்கிவந்து பாருங்கள்.

கேன்வாவின் ஆயத்த வார்ப்புருவில் செய்த லோகோவையே சீர்செய்து பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அந்த வாழையிலைப் படத்தை உலகில் எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உங்களுக்குத் தனியுரிமை தராத படத்தை உங்கள் வணிகக்குறியாகப் பதிவு செய்ய முடியாது என்று அந்த நிறுவனத்தின் விதிகளே சொல்கின்றன. வாழையிலைதான் உங்கள் அடையாளம் என்றால், டிசைனரைப் புதிதாக ஒரு வாழையிலை வரையச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்தால் லோகோ நமக்குச் சொந்தம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். உரிமை உங்களுக்கு மாற, எழுத்தில் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அதிலும் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள்கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் இருக்கிறது. அதையும் விலக்கி எழுதிக்கொள்ளலாம். உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீங்காது என்ற மூன்று வரிகளோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். செய்து தருபவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவதே எளிது.

வேலை முடிந்ததும் வெக்டார் வடிவில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவில்) உள்ள மூலக் கோப்பு, பிடிஎஃப், ஒற்றை நிறத்தில் ஒரு வடிவம், நிறங்களின் சிஎம்ஒய்கே எண்கள் (அச்சு மைகளின் கலவை அளவுகள்), பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்கள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, கணினியில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் சில சோதனைகள் செய்யலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். பில் இயந்திரத்தின் கறுப்பு மையில் அடித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தின் வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். கடைசியாக, தாளில் அச்சிட்டு டப்பாவில் ஒட்டி, கடைக்காரர் அனுமதியோடு மற்றவர்களுடைய பொடிகளுக்கு நடுவில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் அருமையாகத் தெரிந்த மெல்லிய கோடுகள் அந்தத் தூரத்தில் மறைந்துபோகும்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

நம் மொழிக்கே உரிய ஒரு துன்பம் இது என்பதால் தனியே சொல்கிறேன். இந்திய மொழிகளுக்கான அமைப்பைச் செயல்படுத்தாத வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால் எழுத்துகள் சிதறும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஸ்ரீ துண்டாகும், 'பொடி' என்பதன் முதலெழுத்து மூன்று சில்லுகளாகும். தமிழ் படிக்கத் தெரியாத அச்சுக்கூடத்தில் அது யார் கண்ணிலும் படாமல் ஐயாயிரம் பவுச்சுகளாக வந்து இறங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். ஆகவே ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருக்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடுகளாக, மாற்றி அனுப்பவும், திருத்தக்கூடிய படியைத் தனியே வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

பிழை திருத்துவதற்கு ஒரு தமிழாசிரியரை அணுகுங்கள். 'எண்ணை' என்று அச்சிட்ட எண்ணெய் பாட்டில்களையும், ஒற்று விழுங்கிய 'இட்லி பொடி'களையும் நம் கடைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். தமிழ்ப் பெயரைத் தாங்கி விற்கும் பொருளில் தமிழ் சரியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், அதற்காக ஒரு நாள் தாமதமானாலும் சரி.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

முதல் மாற்றத்துக்கே நிறம் அச்சிட்ட பவுச் வேண்டியதில்லை. அச்சில்லாத நல்ல பவுச்சை வாங்கி, எண்ணெயும் நீரும் தாங்கும் ஸ்டிக்கரை முன்னும் பின்னும் ஒட்டி மூன்று நான்கு மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். எடையையும் விலையையும் வாசகத்தையும் திருத்திக்கொள்ள அந்தக் காலம் உதவும். ரோட்டோகிரேவியர் முறையில் பவுச் அச்சிடும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்குகிறார்கள். ஆறு நிறம் என்றால் ஆறு சிலிண்டர். ஒரு சொல்லில் பிழை என்றாலும் அந்த நிறத்தின் சிலிண்டரை மறுபடி செதுக்க வேண்டும். குறைந்தபட்ச ஆர்டரும் பெரிதாக இருக்கும். அதனால் நிறங்களைக் குறைக்க முடிந்த அளவு குறைப்பது பணத்தை நேரடியாக மிச்சப்படுத்தும்.

சிலிண்டரில் எவற்றைச் செதுக்கக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். விலை, தேதி, தொகுதி எண் ஆகியவற்றுக்கு வெற்றிடம் விட்டு, பிறகு இங்க்ஜெட் கருவியால் அடித்துக்கொள்ளலாம். உரிம எண்ணும் முகவரியும் மாறப்போகின்றனவா என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். வீட்டுப் பதிவிலிருந்து மாநில உரிமத்துக்கு மாறும்போது அந்த 14 இலக்க எண்ணே மாறிவிடும். 2இல் தொடங்குவது பதிவு எண், 1இல் தொடங்குவது உரிம எண். வீட்டிலிருந்து வாடகைக் கூடத்துக்குப் போகும் திட்டம் இருந்தால், போய் உரிமம் வாங்கிய பிறகே சிலிண்டர் செதுக்கக் கொடுங்கள். இந்த ஒரு வரிசையை மாற்றிச் செய்ததால், கட்டுப் பிரிக்காத பவுச்சுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓராண்டைக் கழித்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

பார்கோடு தேவைப்படும்போது, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பிடம் பெறுங்கள். அது தரும் எண்கள் 890இல் தொடங்கும். கோடுகள் வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். சிவப்புக் கோடுகள் அழகாக இருந்தாலும், கடையின் சிவப்பு ஒளிக் கருவி அவற்றைப் படிக்காது. பவுச்சின் சீல் விழும் விளிம்பில் எழுத்தோ பார்கோடோ வராமல் இருப்பதையும் வெட்டுக்குறியையும் அச்சுக்கூடத்தாரிடம் கேட்டுச் சரிபாருங்கள். திரையில் காணும் நிறம் அச்சில் வராது. அதே பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதில் கையொப்பமிட்டு ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மாறும் மாதங்கள்

பழைய லேபிள் சரக்கும் புதிய சரக்கும் ஒரே கடை அடுக்கில் கலந்து நிற்பது வாங்குபவரைக் குழப்பும். பழையதை முடிந்தவரை விற்று முடித்துவிட்டு, ஒரு கடைக்கு ஒரே நாளில் முழுவதையும் மாற்றிக் கொடுங்கள். முதல் சில மாதங்களுக்குப் புதிய பொதிவின் முகப்பில், பழைய டப்பாவின் சிறு படத்துடன் "அதே பொடி, புதிய பையில்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சுவை மாறியதா, ஆள் மாறினாரா என்ற சந்தேகமே வாடிக்கையாளருக்கு முதலில் எழும். அதே நேரத்தில் விலையையும் ஏற்றினால் அந்தச் சந்தேகம் உறுதிப்பட்டுவிடும். விலை ஏற்றம் தேவை என்றால் பழைய லேபிளிலேயே இரண்டு மாதம் முன்னதாகச் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், கூகுள் வரைபடம், பில் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் படமும் ஒரே வாரத்தில் மாறட்டும்.

இதற்கிடையில் வணிகக்குறி விண்ணப்பம் தன் வழியில் நகர்ந்துகொண்டிருக்கும். ஆய்வு முடிந்து பதிவகத்தின் வணிகக்குறி இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்கள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லாமல் சான்றிதழ் வந்துவிட்டால், அடுத்த அச்சில் டிஎம் குறியை எடுத்துவிட்டு வட்டத்துக்குள் ஆர் குறியைப் போட அச்சுக்கூடத்துக்குச் சொல்லுங்கள். விண்ணப்பித்த தேதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு அந்தப் பதிவு செல்லும். புதுப்பிக்க வேண்டிய தேதியை முதல் லேபிளை வைத்திருக்கும் அதே கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.